நூற்றுக்கு அடுத்தது எழுபத்தைந்து

என் மாமாவுக்குக் கொஞ்சம் பெருத்த உடம்பு. அதற்கு இன்றுவரை மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் ஒல்லியாக இருந்திருந்தால் அத்தையின் முதல் சரக்கு தப்பும் தவறுமாகக் காதர்பேட்டை மொத்த வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. பள்ளியில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாலு வரி எழுதினால் ஓர் அட்டவணையே வரிசைக்கு வந்துவிடும் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பு மதிப்பெண், மளிகைச் சாமான், சித்தப்பாவின் கோழிகள் எடைவாரியாக என்று அகப்பட்டதையெல்லாம் வரிசைப்படுத்தினேன். அதுவரை இன்னொருவரிடம் வேலை பார்த்த அத்தை, சொந்தமாகப் பனியன் கம்பெனி போட்டிருந்த நேரம். முதல் ஆர்டரின் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சைஸுக்கு ஒரு பெட்டி. 75-இல் தொடங்கி 100 வரை ஆறு பெட்டிகள், சின்னதிலிருந்து பெரியதாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன. நான் வரிசைப்படுத்தி அச்சடித்துக் கொடுத்த ஸ்டிக்கர்களை, பேக்கிங் பார்த்த திருநெல்வேலி அக்கா முதல் பெட்டியிலிருந்து மளமளவென்று ஒட்டிவிட்டார். கம்ப்யூட்டர் கொடுத்தது என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சரக்கு ஏறும் முன் ஓர் உருப்படியைப் போட்டுப் பார்ப்பது மாமாவின் வழக்கம். 100 என்று ஒட்டிய பெட்டியைப் பிரித்து, ஒன்றை எடுத்துத் தலைவழியாக இறக்கினார். தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. இரண்டு கைகளையும் தூக்கியபடி நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, இது சின்னப்பிள்ளைக பனியன்லா!" என்று அக்கா ஓடிவந்து உரித்தெடுத்தார்.

எண்களை நான் எழுத்துகளாகக் கொடுத்திருந்தேன். ஏழுக்கு முன்னால் ஒன்று, ஆகவே 75-க்கு முன்னால் 100 என்று முதல் எழுத்தைப் பார்த்தே கம்ப்யூட்டர் முடிவுகட்டிவிட்டது. அத்தனை சைஸும் மாறிக் கிடந்தன. வாசலில் டெம்போ நின்றது. முதல் சரக்கிலேயே சைஸ் மாறினால் வியாபாரி அத்தையிடம் மறுபடி வரமாட்டார் என்பது எனக்கே தெரியும். எல்லோருமாகக் கிழித்து ஒட்டினோம். நான் அழுதுகொண்டே ஒட்டினேன். வண்டி போனதும், இனி கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தேன்.

அடுத்த ஆர்டர் வந்தபோது அத்தை கூப்பிட்டார்.

"கண்ணு, ஸ்டிக்கர் அடிச்சுக் குடு."

"வேண்டாங்க அத்தை. நீங்களே கையில எழுதிக்குங்க."

"எந்த சைஸுக்கு அப்புறம் எதுன்னு எனக்குக் கொழம்புது சாமி. உன்ற கம்ப்யூட்டரு இல்லீன்னா வண்டி ஏறாது."

போய் உட்கார்ந்தேன். இவை எண்கள் என்று இந்தத் தடவை சொல்லிக்கொடுத்தேன். 75 முதலில் வந்தது.

லட்சக்கணக்கான வரிகளை வரிசைப்படுத்துவதுதான் இன்று என் பிழைப்பு. அந்த நாற்காலியில் அத்தை என்னை மறுபடி உட்காரவைத்ததால் கிடைத்த பிழைப்பு. நினைக்கும்போதெல்லாம் கண் நிறைகிறது. அன்றைக்கு நினைத்ததோ வேறு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பனியன் மடித்துவந்த அத்தைக்கு ஆறு சைஸின் வரிசை தெரியவில்லையே, பாவம் என்று மனசார இரக்கப்பட்டேன்.