இரண்டாவது சந்தனப் பொட்டு

மடிக்கணினி சூடேறி விசிறி சுழலத் தொடங்கினால் சந்தனம் மணக்கிறது. நெதர்லாந்தில், மழை வழியும் சன்னலோரத்தில், சோப்புக்கும் வாசனை இருக்கக்கூடாது என்று நினைக்கும் அலுவலகத்தில். பக்கத்து மேசை மரைகே மூக்கைச் சுருக்கினாள்.

"புது கிளீனிங் ஸ்பிரேயா?"

"இல்லை. என் அப்பா இதற்குப் பூசை போட்டார்."

"நன்றாக ஓடவா? ஓடியதா?"

"அதற்கப்புறம்தான் செத்துப்போனது."

சிரிப்பதா, வருத்தம் சொல்வதா என்று தெரியாமல் காபி எடுக்கப் போய்விட்டாள். நானும் எழுந்து நடந்தேன். உட்கார்ந்தால் அங்கே போய்விடுவேன். நடந்தாலும் அங்கேதான் போகிறேன்.

அங்கே என்றால் ஆந்திராவில், நாராயணவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், திருப்பதியில் கண்புரை ஆபரேஷன் நடக்க இருந்தது. அது முடியும்வரை ஊரிலிருந்தே வேலை பார்க்க அலுவலகத்தில் இசைந்திருந்தார்கள். கணினி ஓடும்வரைதான் அந்த இசைவு. நின்றால் நைனாவை அக்கா கையில் விட்டுவிட்டு அடுத்த விமானம். புழுதி தின்று அதன் விசிறி ஊளையிட்டதால், ஆயுத பூசையன்று வயிற்றைத் திறந்தேன். டிராக்டரும் தண்ணீர் மோட்டாரும் குளித்து நிற்கிற நாளில் இது மட்டும் அழுக்காக இருப்பானேன்? விசிறியையும் ஒயர்களையும் கழற்றிப் பிரஷ்ஷால் தட்டினேன். நான் குளிக்கப் போன நேரத்தில் நைனா சந்தனக் கிண்ணத்தோடு வந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டார். பூசையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது. மண்வெட்டிக்கும் டிராக்டர் சாவிக்கும் நடுவே அது திறந்தபடியே கிடந்தது.

மறுநாள் விசிறிமேல் இருந்த பொட்டைத் துடைத்து, எல்லாம் பொருத்தி, மூடி, சுவிட்சை அழுத்தினேன். அசையவில்லை. சார்ஜர் விளக்கு எரிந்தது. ஆக, மின்சாரம் வருகிறது. சுவிட்சை நெடுநேரம் அழுத்திப் பிடித்தேன். திறந்து பேட்டரியைப் பிரித்துச் சேர்த்தேன். மெமரியை உருவி மறுபடி அழுத்தி வைத்தேன். மூடினேன். மௌனம். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

"இன்னாடா, பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவனாட்டம் நடந்துக்கினே கீற?" என்றாள் அக்கா. "நம்ம மோட்டார பாரு. பொட்டு வெச்சாங்க, ஓடுது. உன்னுதுக்குத்தான் வெளிநாட்டுக் கொழுப்பு."

நைனா குரல் வந்த பக்கமாகத் திரும்பினார். "போவணும்னா போய்க்கோப்பா. கண்ணு எங்க ஓடிடப் போவுது?"

அந்தச் சமாதானம்தான் என்னைத் தைத்தது. நெதர்லாந்தில் பழுதான எதையும் நான் திறப்பதில்லை. பெட்டியில் போட்டு அனுப்பினால் வேறொன்று வரும். மனிதரை அப்படி அனுப்பி வாங்க முடியாதே. மூன்றாம் முறையாகத் திறந்தேன். சுவிட்சிலிருந்து வரும் பட்டை ஒயரை உருவியதும் குப்பென்று சந்தனம். அது சொருகும் நகக்கண் அளவுக் குழியில் மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. சுவிட்சை எத்தனை அழுத்தியும் சொல் உள்ளே போகாததன் காரணம் அதுதான்.

"நைனா, இதுக்கு எத்தினி பொட்டு வெச்ச?"

"ஒண்ணுதான்." யோசித்தார். "இல்லப்பா. மொதல்ல வெச்சது விழுந்துச்சா இல்லியான்னு தெரியல. தடவிப் பாத்து இன்னொண்ணு வெச்சேன்."

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைப் பல்குத்தும் குச்சியில் சுற்றிச் சுரண்டினேன். காயவிட்டு, ஒயரைச் சொருகி, சுவிட்சைத் தொட்டேன். விசிறி மூச்சுவிட்டது. கூடமெல்லாம் கோயில் மணம்.

"எழுந்துக்கிச்சு!" என்று கத்தினாள் அக்கா.

"பூசை பலிச்சுதா?" என்றார் நைனா.

ஆபரேஷன் முடியும்வரை இருந்தேன். திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிமேல் கணினி. திரையில் நெதர்லாந்து, கதவுக்குள் நைனா. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க எனக்குத்தான் கண் போதவில்லை.

நான் கிளம்பிய நாளில் நைனா புத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. தெலுங்கில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. என் தோள்பையை உற்றுப் பார்த்தார், நிறம்கூடச் சொன்னார். ரயில் அசைந்தது. கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

"அந்தச் சந்தனத்த சுத்தமா எடுத்துட்டியாடா?"

"எடுத்துட்டேன் நைனா. துளிகூட இல்ல."

கம்பியை விட்டார்.

"கொஞ்சம் உட்டு வெக்கறதுதானே."