ஒரு வெட்டு வெட்டினால் மாஸ்க் விழும்

சலூன்காரன் என் கழுத்தை முறித்தான். முறிக்கச் சொன்னவன் நான்தான். முடி வெட்டி முடித்ததும் தாடையை ஒரு கையிலும் பிடரியை ஒரு கையிலும் பிடித்து வலப்பக்கம் ஒரு சொடுக்கு, இடப்பக்கம் ஒரு சொடுக்கு. எங்கள் பட்டறை ஆட்களில் பாதிப் பேருக்குக் கழுத்து வலிக்கு இதுதான் வைத்தியம். எனக்கு மூன்று மாதமாக வலி. அன்றைக்கு வலப்பக்கம் சொடுக்கு விழவில்லை. "இன்னும் நல்லாத் திருப்புய்யா" என்றேன். திருப்பினான். கழுத்திலிருந்து வலது பெருவிரல் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளே விட்டு உருவியது போல இருந்தது.

எழுந்து அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினேன். பவுடர் டப்பா உருண்டது.

"அண்ணே, நீங்கதானே நல்லாத் திருப்பச் சொன்னீங்க?"

"செத்துப்போறேன்னு சொன்னா விஷம் வாங்கிக் குடுப்பியா?"

ஸ்கேன் பார்த்த டாக்டர், கழுத்தெலும்புக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, பெருவிரல் மரத்துப்போனதும் அதனால்தான் என்றார். ஆறு வாரம் பிசியோதெரபி. அதற்குள் கையில் பலம் இன்னும் குறைந்தால் ஆபரேஷன். அதற்கப்புறமும் கை பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

நான் திருவெறும்பூர் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் வெல்டர். வேறு ஒரு தொழிலும் தெரியாது. வலது கை போனால் நான் வெறும் ஆள்.

வீடு ஸ்ரீரங்கம் என்பதால் அங்கேயே ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். வைத்தியம் பார்த்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. வாய் மட்டும் ஒல்லியில்லை. படுக்க வைத்துத் தாடைக்கும் பின்மண்டைக்கும் பட்டை மாட்டி மிஷினை முடுக்கினார். அது தலையைத் தனியாகக் கழற்றிக்கொண்டு போவது போல இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. தூக்கில் போடுகிறவன்கூட ஒரு தடவைதான் இழுப்பான். பட்டையைச் சரிசெய்ய வந்த அவர் கையை ஓங்கித் தட்டிவிட்டேன்.

"இன்னொரு தடவை கை ஓங்கினீங்கன்னா எழுந்து போயிடுங்க சார். அடி வாங்கிட்டு வைத்தியம் பார்க்கணும்னு எனக்கு எழுதி வைக்கல."

அதன்பிறகு தாடையை உள்ளே இழுத்துப் பிடிக்கும் பயிற்சி, கையை நீட்டி நரம்பை மெல்ல ஓடவிடும் பயிற்சி. வலியில் பல்லைக் கடித்தே ஈறு வீங்கியது. முதல் வாரம் லீவு போட்டேன். இரண்டாம் வாரம் அவரிடம் வீட்டில்தான் இருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். மூன்றாம் வாரம் கை இன்னும் மோசமானது. வெல்டிங் ராடு பிடித்த கை நடுங்கிப் பைப்பில் பற்றவைத்த தையல் கோணலாகப் போயிற்று.

பிட்டர் ஒருத்தன், என் வயசுக்காரன். பைப்பைப் பொருத்தித் தருவது அவன், பற்ற வைப்பது நான். பதினோரு வருஷமாக ஜோடி. தையலைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, கோழி கிளறின மாதிரி வச்சிருக்க?" என்று சிரித்து என் பிடரியில் ஒரு போடு போட்டான். விளையாட்டாகத்தான்.

கண் இருட்டியது. திரும்பி அவன் வாயில் குத்தினேன். என் முழு பலத்தோடு குத்தினேன். விரல்கள் மடங்கவே இல்லை. ஈரத்துணியால் அடித்தது போல அவன் கன்னத்தில் கை பட்டு வழுக்கியது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வெறி பிடித்தது. இடது கையால் சுத்தியலை எடுத்து வீசினேன். அவன் காதோரமாகப் போய்த் தகரச் சுவரைப் பொத்தலாக்கியது. நாலு பேர் என்னை அமுக்கினார்கள். போர்மேன் ஒரு வாரம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். சுத்தியல் ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தால் நான் இன்றைக்கு இதை ஜெயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

மறுநாள் கிளினிக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பரிதாபப்படவில்லை.

"வேலைக்குப் போனீங்க. சரி, எப்படி வேலை செய்வீங்கன்னு உட்கார்ந்து காட்டுங்க."

ஸ்டூலில் உட்கார்ந்து, ராடு பிடிப்பது போலக் கையை வைத்து, தலையை வெடுக்கென்று முன்னால் வெட்டினேன்.

"நில்லுங்க. அது என்ன?"

"எது?"

"தலையை வெட்டினீங்களே."

"மாஸ்க் மூடுறதுக்கு மேடம். மேலே தூக்கி விட்டிருப்போம். ஒரு வெட்டு வெட்டினா முகத்துல விழும்."

"கையால மூட மாட்டீங்களா?"

சிரித்துவிட்டேன். மாஸ்கைக் கையால் மூடுகிறவனை எங்கள் யூனிட்டில் வெல்டர் என்று எவனும் சொல்ல மாட்டான்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

யோசித்தேன். எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு ராடுக்கும் ஒன்று, நடுவில் கசடைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்று. பதினேழு வருஷமாக.

"சலூன்காரன் ஒரு தடவைதான் திருப்பினான். நீங்க தினமும் உங்களை நீங்களே அடிச்சுக்கிட்டு இருக்கீங்க. நான் இங்க இழுத்து விடுறேன், நீங்க அங்க போய் மறுபடி நசுக்கிட்டு வர்றீங்க. அறிவிருக்கா சார்?"

கோபம் வந்தது. அடிக்க ஆள்தான் கிடைக்கவில்லை.

வெளிச்சம் பட்டதும் தானாகக் கறுக்கிற கண்ணாடி வைத்த மாஸ்க் உண்டு, தலையை வெட்ட வேண்டாம். எங்கள் யூனிட்டில் அது ஒன்றே ஒன்று, பெரிய கம்பெனி ஆட்கள் பார்வையிட வரும்போது போர்மேன் மாட்டிக்கொள்ள. வெளியே நின்ற ஒரு வாரம் முடிந்ததும் போய்க் கேட்டேன், தரவில்லை. ஆகவே இடது கையால் முகத்துக்கு நேரே பிடிக்கும் கேடயத்தை எடுத்தேன். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் பிடிப்பது அது. ஒரு கை அதற்கே போய்விடுவதால் பைப் வேலை கிடையாது. மேஜையில் தகடு ஒட்டும் வேலை. போகிறவன் வருகிறவன் எல்லாம், "என்னண்ணே, விசிறி புடிச்சிட்டீங்க?" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினேன். சாயங்காலம் பஸ் பிடித்துப் போய்ப் பட்டையில் தலையைக் கொடுத்தேன்.

ஐந்தாம் வாரம் கடைசியில் ஒரு நாள், கிளவுஸ் ஓட்டை வழியாகப் பொறி உள்ளே இறங்கி வலது பெருவிரலைச் சுட்டது. மரத்துக் கிடந்த விரல். துள்ளிக் குதித்து, கெட்ட வார்த்தையில் கத்தினேன். பிட்டர் ஓடி வந்தான். சுத்தியல் எறிந்த நாளுக்குப் பிறகு என்னிடம் பேசாதவன்.

"என்னடா ஆச்சு?"

"சுட்டுடுச்சுடா! பெருவிரல்ல! எரியுதுடா!"

"அதுக்கு ஏண்டா சிரிக்கிற, பைத்தியக்காரா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயில் காட்டினான். நான் தண்ணீரிலிருந்து விரலை வெளியே எடுத்தேன். இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்று.