பதினோராவது வரி

ஜெயங்கொண்டத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் அம்பிகாவுக்கு எழுத்துக் கோளாறு எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்: ஃபான்ட்டை மாற்று. பத்தொன்பது வருஷமாகப் பழைய ஃபான்ட்டிலேயே அடித்துப் பழகிய கை. திரையில் தமிழ் போய் ஆங்கில எழுத்தாக உளறினாலும், ஃபான்ட்டை மாற்றினால் போதும், மறுபடி தமிழாகிவிடும்.

அன்று காலை ஆண்டிமடத்திலிருந்து அறிவரசன் வந்தார். முந்திரிக்கொல்லை வரப்புத் தகராறில் அண்ணன் வீரமுத்துவோடு ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. இப்போது அண்ணன் மகள் நந்தினிக்குக் கல்யாணம். பத்திரிகையில் போட வேண்டிய பங்காளிகளை மூப்புப்படி வரிசையாகச் சொல்ல இவரை விட்டால் ஆளில்லை என்று அண்ணன் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். பத்துப் பேரைச் சொல்லிவிட்டு எழுந்த அறிவரசன் மறுபடி உட்கார்ந்தார். பிறகு பதினோராவதாக, ‘சித்தப்பா அறிவரசன்’ என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

வாட்ஸ்அப்பிலும் அனுப்ப வேண்டும் என்று வீரமுத்து கேட்டிருந்ததால், அன்றைக்கு மட்டும் அம்பிகா போனில் தெரிகிற புதுமுறைத் தமிழில் நோட்பேடில் அடித்திருந்தார். சேவ் செய்யும்போது ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. அதையெல்லாம் யார் படித்தார்கள்? ஓகே கொடுத்தார். மூடித் திறந்தால் பதினோரு வரியும் வெறும் கேள்விக்குறி.

ஃபான்ட்டை மாற்றினார். கேள்விக்குறி தடித்தது, மெலிந்தது, சாய்ந்தது. தமிழாகவில்லை. நாற்பது ஃபான்ட் பார்த்து ஓய்ந்து, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மகேஷுக்குப் போன் போட்டார்.

“ஃபான்ட் பிரச்சினை இல்லக்கா. எழுத்தே அழிஞ்சு போச்சு. பழைய முறையில சேவ் ஆயிருக்கு, அதுல இந்தத் தமிழுக்கு எடமே கெடயாது.”

கண்ணெதிரே இருந்த எழுத்து எங்கே போகும்? எவ்வளவு யோசித்தும் அம்பிகாவுக்குப் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் அறிவரசனைப் போனில் கூப்பிட்டார். அவர் பொறுமையாக மறுபடி சொன்னார். பத்தோடு நிறுத்திக்கொண்டார்.

“இன்னொரு பேரு இருந்துச்சுங்களே.”

“காலையில ஏதோ வேகத்துல சொல்லிட்டேம்மா. அது வேணாம், வுட்டுடுங்க.”

அம்பிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சேர்ந்த உறவை ஒரு ஓகேயில் கெடுத்துவிட்டோமே. பத்துப் பேரோடு அடிப்பதா, தெரியாத மாதிரி பதினொன்றையும் போட்டுவிடுவதா?

மாலையில் வந்த வீரமுத்துவிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் திட்டவில்லை. திரையையே பார்த்தார்.

“இதுல தம்பி பேரு எதும்மா?”

கடைசி வரியைக் காட்டினார்.

“அவனே சொன்னானா?”

“அவரேதாங்க. சித்தப்பான்னு போடச் சொன்னாரு.”

வீரமுத்து அந்தக் கேள்விக்குறிகளின் மேல் விரலை வைத்துத் தடவினார். பிறகு அதை அப்படியே ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார்.

“நான் வர்ற வரைக்கும் பத்திரிகைய அடிக்காதீங்க. ஆள வுட்டுக் கூப்புட்டது என் தப்பு, நானே போயிருக்கணும்.”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தம்பி வீட்டுக்கு வண்டியைத் திருப்பினார்.