இடது கைக் கையெழுத்தும் என் வாயும்

மறுவாழ்வு ஆலோசகர் வேலை என்பது, அடிபட்ட மனிதருக்கு எதிரே உட்கார்ந்து, நம் தொண்டை வரை வந்துவிட்ட பேச்சை விழுங்கும் வேலை. விபத்தில் கை போனவர், கால் போனவர், மனநோயிலிருந்து மீண்டவர், யார் வந்தாலும் அவர் மறுபடி வேலைக்கும் வீட்டுக்கும் திரும்ப வழி தேடிக்கொள்ளத் துணையாக இருக்க வேண்டும். வழியை நாம் காட்டிவிடக் கூடாது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். எனக்கு உங்களைவிட ஜாஸ்தி. நான் அதற்கு முன் இருபத்தைந்து வருடம் கடலூரில் தொழிற்சங்க மேடைகளில் மைக் பிடித்தவன். துண்டறிக்கை படித்து உலகத்தைத் தெரிந்துகொண்டேன். பிறகு துண்டறிக்கை எழுதி உலகத்துக்குச் சொன்னேன். இடையில் அஞ்சல் வழியில் ஒரு பி.ஏ.

நாற்பத்தாறு வயதில் எதற்கு மேல்படிப்பு என்று கேட்பீர்கள். ஒரு வேலைநிறுத்தத்தில் நிர்வாகம் பாதி இறங்கி வந்தது. பாதி வேண்டாம், முழுதாக வாங்குவோம் என்று நான் பேசினேன். கை தட்டினார்கள். பதினோரு பேருக்கு வேலை போயிற்று. என்னோடு மேடையில் இருந்தவர்கள் வேறு மேடைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பதினோரு வீட்டுக்கும் நான் ஒருவன்தான் போய் வந்தேன். போய் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மைக் இல்லாமல் எனக்குப் பேச வராது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஜன்னலில்

2008இல் மறுவாழ்வு ஆலோசனை முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் கொடுக்கச் சிதம்பரம் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தேய்த்த வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை. பை நிறைய நான் எழுதிய துண்டறிக்கைகள். நேர்முகத் தேர்வில் காட்டினால் என் அனுபவம் புரியும் என்று கணக்கு. வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் மீசை சரியாக முளைக்காதவர்கள். போலீஸ் வேனில் ஏறும்போதுகூடத் திரும்பிப் பார்க்காதவன், அந்த வரிசையில் இரண்டு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் கேட்டால் சொல்ல வேண்டியதை மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே நகர்ந்தேன்.

ஜன்னலுக்குள் இருந்தவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார். அலுத்துப்போனவர்களுக்கே உரிய பொறுமையோடு சொன்னார்: "அட்மிஷன் பையனுக்கா, பொண்ணுக்கா? அவுங்களே வரணும் சார். அப்பா வந்தா செல்லாது."

மூன்றாவது கட்டம்

எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பயிற்சி உரையாடலையும் கேசட்டில் பதிவு செய்து, சொல் பிசகாமல் தாளில் எழுதித் தர வேண்டும். தாளை மூன்று கட்டமாகப் பிரிக்க வேண்டும். முதலில் வந்தவர் சொன்னது, இரண்டாவதில் நாம் சொன்னது, மூன்றாவதில் அப்போது நம் மனதுக்குள் ஓடியது. என் முதல் தாளில் இரண்டாவது கட்டம் பொங்கி வழிந்து பின்பக்கம் போனது. முதல் கட்டத்தில் "ம்", "ஆமாங்க", இவ்வளவுதான். மூன்றாவது கட்டம் முழுக்க வெள்ளை. பேராசிரியை அம்மா மார்க் போடுவதற்காக விட்ட இடம் என்று நான் நினைத்துவிட்டேன்.

அந்த உரையாடலில் எனக்கு எதிரே உட்கார்ந்தவள் குறிஞ்சிப்பாடியிலிருந்து வரும் ரெஜினா, என்னோடு படித்த பெண். விபத்தில் கால் போய், வேலையும் போனவளாக அவள் நடிக்க வேண்டும். தொழிலாளி நஷ்டஈட்டுச் சட்டத்திலிருந்து தொடங்கி உலகமயம் வரை நான் அவளுக்கு விளக்கினேன். கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்து 'டக்' என்று நின்ற பிறகுதான் நானும் நின்றேன். ரெஜினா கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, நான் ஒரு கால் போனவளா நடிக்க வந்தேன். நீங்க முடிக்கறதுக்குள்ள எந்தக் காலுன்னே எனக்கு மறந்துபோச்சு."

வீட்டில் பயிற்சி

எதிரே இருப்பவர் பேசி முடித்ததும் மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் நாம் வாய் திறக்க வேண்டும் என்றார் பேராசிரியை. பெரும்பாலும் ஏழாவது எண்ணில் அவர்களே மறுபடி பேசத் தொடங்குவார்களாம். வகுப்பில் எனக்கு மூன்றைத் தாண்டவில்லை. அதனால் வீட்டில் என் மனைவியிடம் பழகினேன். அவள் ரேஷன் கடை வரிசையைப் பற்றிச் சொன்னாள், எண்ணினேன். அவள் அண்ணன் மகன் கல்யாணத்தில் எங்களுக்குச் சரியான மரியாதை இல்லை என்றாள், எண்ணினேன். அவள் கண்ணைப் பார்த்து, தலையை லேசாக ஆட்டினேன். எல்லாம் பாடப்படி.

மூன்றாம் நாள் அவள் சாப்பாட்டுத் தட்டை என் முன் வைத்துவிட்டு நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "மூணு நாளா நான் சொல்றதெல்லாம் குறுக்க பேசாம கேட்டுக்கிட்டு இருக்கீங்க. எனக்குப் பயமா இருக்கு. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

துண்டுக்குள் கை

கடைசிப் பருவத்தில் கடலூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் களப்பயிற்சி. ஒரே ஒருவருக்கான ஆலோசனையை முதலிலிருந்து முடிவு வரை நடத்தி, அந்தக் கோப்பில் பேராசிரியையின் கையெழுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் பட்டம் இல்லை. எனக்கு வந்தவர் கலியமூர்த்தி. கடலூரை அடுத்த குடிகாடு ஊர்க்காரர், முப்பத்துநாலு வயது. ஊரை ஒட்டிய ஆலைகளில் ஒன்றில் கலவை இயந்திரம் அவருடைய வலது கையில் நாலு விரலை எடுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மிச்சம். அந்தக் கையைத் தோள் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

முதல் நாள் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. பத்து வரை எண்ணினேன், நூறு வரை எண்ணினேன். மின்விசிறி சுற்றியது. அவருடைய ஆலையின் வாசலில் நின்று நான் பேசிய கூட்டங்கள் எல்லாம் நெஞ்சுக்குள் முட்டின. ரொம்ப நேரம் கழித்து அவர் நிமிர்ந்தார். "டாக்டருங்கன்னா மாத்திரையாவது குடுப்பாங்க சார். நீங்க சும்மா பாத்துக்கிட்டே இருக்கீங்க."

முதல் கையெழுத்து

மெல்லப் பழகினோம். இடது கையால் எழுதப் பழக்குவது எங்கள் திட்டத்தில் முதல் வேலை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் தன் மகளின் நாலு கோடு நோட்டில் அவர் தினம் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருவார். முதலில் எழுத்து கோட்டுக்குள் நிற்காமல் ஓடியது. இரண்டு மாதத்தில் தன் பெயரை நிறுத்தி எழுதினார். அந்த நேரத்தில் ஆலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதும் வேலை தருகிறோம், பதினைந்து நாளுக்குள் சம்மதம் சொல்லவும் என்று. பத்து வருடம் இயந்திரம் ஓட்டியவருக்கு, இரண்டு படி கீழே. எனக்கு இரத்தம் கொதித்தது. அங்கேயே தாளை எடுத்து மனு எழுதினேன். பழைய படிநிலையிலேயே வேலை தர வேண்டும், இதைவிடக் குறைவாக எதையும் ஏற்க மாட்டோம். நல்ல மனு, இன்றைக்கும் சொல்வேன். கலியமூர்த்தி அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தார். மௌனத்துக்கு எத்தனையோ பொருள் உண்டு என்று வகுப்பில் படித்திருந்தேன். அன்றைக்கு எனக்குச் சம்மதம் என்ற ஒரே பொருள்தான் ஞாபகம் வந்தது. பேனாவை நீட்டினேன். இடது கையால் கையெழுத்துப் போட்டார். நோட்டைவிட்டு வெளியே அவர் போட்ட முதல் கையெழுத்து. நான் கை தட்டினேன்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினோம். நகல் ஆலைக்குப் போனது. அடுத்த வாரம் அவர் மனைவி செல்வி தனியாக மையத்துக்கு வந்தார். மனு விசாரணையில் இருப்பதால் வேலை தருவது நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ஆலை எழுதியிருந்த தாளை மேஜைமேல் வைத்தார். எனக்கு அந்தப் பதினோரு வீடும் கண் முன்னால் வந்தன. குடிகாட்டில் பன்னிரண்டாவது வீடு. செல்வி சண்டை போடவில்லை, போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "கைய மாத்தி எழுத ரெண்டு மாசம் பாடுபட்டாரு சார். மொத கையெழுத்த சம்பளத்துக்குப் போடுவாருன்னு நெனச்சேன்."

யாருடைய கோபம்

பயத்தோடு பேராசிரியையிடம் போனேன். மறைக்க முடியாது. மனு எழுதிய அன்றும் கேசட் ஓடிக்கொண்டிருந்தது, தாளும் எழுதியாகிவிட்டது. அவர் கண்ணாடியை இறக்கி நிதானமாகப் படித்தார். பட்டம் போனால் போகட்டும் என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். உண்மையில் அப்போது என்னைத் தின்றது பட்டம் இல்லை. வேலையை நிறுத்தி வைத்தாலும் ஆலை சம்மதம் சொல்ல வைத்த கெடு ஓடிக்கொண்டுதான் இருந்தது, இன்னும் நாலு நாள்தான். அதற்குள் இந்த மனிதருக்கு வேலை திரும்ப வர வேண்டும்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பென்சிலால் மூன்றாவது கட்டத்தைத் தொட்டார். அது மார்க் போடும் இடம் இல்லை என்று இதற்குள் கற்றுக்கொண்டிருந்ததால், நேர்மையாக "கோபம்" என்று எழுதியிருந்தேன். ஒரு வரியில் இல்லை, பக்கம் முழுக்க. பிறகு முதல் கட்டத்துக்குப் பென்சிலை நகர்த்தினார். அங்கே ஒன்றுமே இல்லை. "இவ்ளோ கோபம் உங்களுக்கு இருக்கு சார், சரி. அவருக்கு என்ன இருந்துது? கேட்டீங்களா?"

குடிகாட்டில்

மறுநாள் காலை குடிகாட்டுக்குப் போனேன். கலியமூர்த்தி பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். செல்வி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. மனு எழுதியது என் தப்பு, உங்கள் விருப்பத்தைக் கேட்காமல் என் கோபத்துக்கு உங்கள் கையால் கையெழுத்துப் போடவைத்தேன் என்று சொன்னேன். இருபத்தைந்து வருடத்தில் எந்த மேடையிலும் அப்படி ஒரு வாக்கியம் நான் பேசியதில்லை. பிறகு கேட்டில் வேலை என்றதும் உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டேன். எண்ணத் தொடங்கினேன். நடுவில் எண்ணிக்கை மறந்துபோயிற்று. காற்று திரும்பி ஆலை வாடை வந்தது, போனது. அவர் துண்டை அவிழ்த்தார். அந்தக் கையை அன்றுதான் நான் முழுதாகப் பார்த்தேன்.

"கேட்டுன்னா மூணு ஷிப்டும் அந்த வழியாத்தான சார் போவும்? கூட வேல செஞ்சவனெல்லாம் என் கையப் பாத்துட்டுத்தான் உள்ள போவணும். சம்பளம் கொறஞ்சாலும் செரி, ஸ்டோர்ல ஒரு மூலையில உக்காரவெச்சா போதும். அவுங்களும் கேக்கல, நீங்களும் கேக்கல."

கேட்டுக்கு வெளியே

இரண்டு நாள் மையத்தில் ஒத்திகை பார்த்தோம். நான் மேனேஜராக உட்கார்ந்தேன். எனக்கு அந்த வேஷம் பிடிக்கவில்லை, ஆனால் மேனேஜர்கள் பேசுவது எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. கலியமூர்த்தி தன் தேவையைத் தானே சொல்லப் பழகினார். கடைசி நாள் அவர் மட்டும் ஆலைக்குப் போவதாக முடிவு. நான் கூடப் போகலாமா என்று பேராசிரியையிடம் கேட்டதற்கு, கேட்டுக்கு வெளியே நிற்கலாம், ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றார். நின்றேன். நான் எத்தனையோ முறை மைக் கட்டிய அதே இடம். எதிர் டீக்கடைக்காரர் இன்றைக்கு மீட்டிங்கா என்று கேட்டார். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். காவலாளிகள் இருவர் இருந்த இடத்தில் நாலு பேர் வந்து நின்றார்கள். முக்கால் மணி நேரம் வெயில், குடை பிடித்தும் வியர்வை. உள்ளே அவர் தடுமாறினால், துண்டைச் சுற்றிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டால் என்று நினைக்க நினைக்க, டீக்கடைக் கடிகாரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

கலியமூர்த்தி வெளியே வந்தார். துண்டு தோளில் இருந்தது, கையில் இல்லை. ஸ்டோரில் ரெஜிஸ்டர் எழுதும் வேலை, மூன்று மாதம் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம். ஆனால் மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்றார்களாம். உள்ளேயே இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு படி கீழே என்பது இரண்டு படி கீழேயேதான். என் தொண்டையில் ஒரு பொதுக்கூட்டமே வந்து நின்றது. பத்து வரை எண்ணினேன்.

ஏழில் அவரே பேசினார். "நான் சொன்னத மேனேஜரு பாதிதான் காதுல வாங்குனாரு சார். ஜன்னல் வழியா உங்களயே பாத்துக்கிட்டு இருந்தாரு. 'அந்த ஆளு ஏன்யா பேசாம நிக்கிறான்'னு மூணு தடவ கேட்டாரு."

அந்தக் கேட்டில் தொண்டை கிழியக் கத்தியபோதெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்ட நிர்வாகம், நான் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரே நாளில் எட்டிப் பார்த்தது; அந்த ஒரு வித்தைக்குத்தான் எனக்கு முதுகலைப் பட்டம் கொடுத்தார்கள்.