கோலத்துக்கு நடுவே ஒரு மூடி

நான் கவுன்சிலரான புதிதில் வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் பாதிப் பேர், "அண்ணே இருக்காரா?" என்றுதான் கேட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு, நின்றதும் ஜெயித்ததும் நான். ஆனால் குப்பை வண்டி வரவில்லை என்று சொல்ல மட்டும் என் வீட்டுக்காரரைத் தேடுவார்கள். அவர் பாவம், மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டே, "கவுன்சிலர் உள்ள துணி வெட்டிக்கிட்டு இருக்கு, போய்ப் பாருங்கப்பா" என்பார். எனக்குத் தையல் கடை. ஜாக்கெட் இறுக்குது, தோள் இறங்குது என்று சண்டைக்கு வருகிறவர்களை வருடக்கணக்காகச் சமாளித்த வாய் இது. நகராட்சிக் கூட்டத்தில் அது எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

எங்களுடையது மதுரையை ஒட்டிய சின்ன நகராட்சி. எங்கள் தெரு அதைவிடச் சின்னது. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வந்து நடுவில் ஒரு வளைவு வளைந்து, ஒரு வீட்டின் வாசலில் முட்டி முடிந்துவிடும். அந்த வளைவில் இருக்கும் வீட்டம்மாவைத் தெருவே அத்தை என்று கூப்பிடும். முட்டுகிற வீடு அத்தையின் தம்பியுடையது. தம்பி பெண்டாட்டி எனக்குப் பிரியமான அக்கா. சாக்கடையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்த இரண்டு பெண்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

நகராட்சி ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டுவிடும். ரோடு ஏற ஏற வீடுகள் இறங்கிக்கொண்டே போகும். அத்தை வீட்டை இடித்துக் கட்டியபோது விவரமாக வாசலில் கிராவலைக் கொட்டி உயர்த்திச் சிமெண்டு பூசிவிட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு மழை பெய்தால் தெருச் சாக்கடை மொத்தமும் தம்பி வீட்டு நடுக்கூடத்துக்குள் வந்தது. அன்றைக்கு அக்கா நாத்தனாரோடு பேச்சை நிறுத்தியவள்தான். தம்பிக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு மாட்டுத்தாவணிக்கு வேலைக்குப் போய்விடுவார். அக்காவின் ஒரே மகள் மட்டும் அந்த வீட்டிலும் சாப்பிடுவாள், இந்த வீட்டிலும் சாப்பிடுவாள். அத்தைக்கு அவள் என்றால் உயிர்.

அந்தப் பெண்ணைச் சோழவந்தானில் கட்டிக்கொடுத்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நல்ல குடும்பம். அவள் முழுகாமல் இருக்கும்போது, வளைகாப்புக்கு நாள் பேச மாமியார் வந்தார். வந்தது கார்த்திகை மாதத்தின் ஒரு அடைமழை நாளில். அந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்திருந்தது. அடுப்படிக்குப் போகப் பலகை போட்டிருந்தது.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் இந்தத் தண்ணிக்குள்ள எப்படி விடுறது? தலைப்பிரசவத்தை நாங்களே பாத்துக்கிறோம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அக்காவைக் கொன்றுவிட்டது. மகளுடைய முதல் பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்க முடியாமல் போவது எப்படிப்பட்ட வலி என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா என் கடைக்கு வந்து தையல் மெஷின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். எனக்கு மனசு தாங்கவில்லை.

"அழாதக்கா. வளைகாப்புக்குள்ள நம்ம தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்துரும். நான் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாட்களை எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த கூட்டத்தில் நகராட்சித் தலைவர் தொண்டையைக் கனைத்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாதாளச் சாக்கடைத் திட்டம் மதிப்பீட்டைத் தாண்டிவிட்டதாம். மெயின் ரோட்டுக்குக் குழாய் பதித்தாயிற்று, உள் தெருக்களில் சிலவற்றைக் கழித்தால்தான் வந்திருக்கும் பணத்துக்குள் வேலை முடியுமாம். கழிக்கிற தெருக்களில் முதல் தெரு எங்கள் தெரு.

நான் எழுந்து நின்றேன். "கழிக்கணும்னா உங்க தெருவைக் கழிங்க தலைவரே. உங்க வீட்டுல யாரும் மாசமா இல்லேல்ல?"

கூட்டம் சிரித்தது. தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எதிர்வரிசையில் என்னை எப்போதும் மட்டம் தட்டும் ஒரு கவுன்சிலர் அண்ணன், "என்ன மதினி, சாக்கடைக்கும் பிள்ளைப்பேறுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கிண்டலாகக் கேட்டார். நான் உட்காராமல் நடுக்கூடத்துத் தண்ணீரிலிருந்து மாமியார் சொன்னது வரைக்கும் கொட்டித் தீர்த்தேன். அந்த மன்றத்தில் பெண்பிள்ளை பெற்றவர்கள் அதிகம். கிண்டல் செய்த அண்ணனுக்கே இரண்டு பெண்கள். "அந்தத் தெருவை மொதல்ல போடுங்க. என் வார்டுல ஒரு பூங்கா வேலை இருக்கு, அதை அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்" என்று அவரே சொன்னார். எனக்கு அந்த மனிதரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

தீர்மானம் நிறைவேறியது. ஆனால் கான்ட்ராக்டர் ஒரு கொக்கி போட்டார். பொங்கல் முடிந்து வேலை தொடங்கும்போது தெருவில் யாராவது இடத் தகராறு செய்தால், அப்படியே குழாயைத் தூக்கிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விடுவாராம். போன வருடம் இன்னொரு தெருவில் அவர் பட்ட பாடு அப்படி. எங்கள் தெருவில் தகராறே வராது என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

மார்கழியில் நகராட்சி இன்ஜினியர் வந்து அளந்தார். குழாய் வளைகிற இடத்தில் இரும்பு மூடி போட்ட குழி ஒன்று வேண்டும். எங்காவது அடைத்தால் மெஷினை விட்டுச் சுத்தம் செய்வது அதன் வழியாகத்தான். அதை நாங்கள் மேன்ஹோல் என்போம். எங்கள் தெருவில் அது வர வேண்டிய இடம் வளைவு, அதாவது அத்தை வாசலுக்கு நேர் எதிர். இன்ஜினியர் அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி வைத்துவிட்டுப் போனார்.

மார்கழி மாதத்தில் எங்கள் ஊர்த் தெருவில் சுண்ணாம்பால் குறி போட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. விடிவதற்கு முன் பெண்கள் எல்லோரும் சாணி கரைத்து வாசல் தெளித்தார்கள். குறி போன இடம் தெரியவில்லை. அது என்ன குறி என்று தெரியாமலே அத்தை அதன் மேல் அகலக் கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்துவிட்டார். மறுநாள் வந்த இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாரு மேடம் அழிச்சது? அத்துமீறல்னு நோட்டீஸ் குடுக்கலாமா?" என்றார். வாசல் தெளித்ததற்கு நோட்டீஸ் கொடுத்தால் மதுரை மாவட்டத்தில் ஒரு வீடு தப்பாது என்று நான் சொன்னேன். அவர் மறுபடியும் வட்டம் போட்டார். மறுநாள் அதுவும் கோலத்துக்குள் போனது.

பொங்கல் கழிந்தது, ஆனால் கோலம் போடும் கை நிற்கவில்லை. ரதசப்தமி அன்று நான் சூரியக் கோலம் போட்டிருந்தேன். வட்டம், அதற்குள் குறுக்கே கோடுகள், சுற்றிலும் கதிர்கள். எழுதும்போதே எனக்கு உச்சி குளிர்ந்தது. கோலத்தை முடித்துவிட்டு மேலூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டேன். மத்தியானம் திரும்பி வந்தால் என் வாசலில் ஆளுயரத்துக்குப் பள்ளம். மண் அள்ளும் மெஷின்காரர் வட்டத்தையும் குறியையும் பார்த்திருக்கிறார், தோண்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏண்ணே, கதிர் வச்ச மேன்ஹோலை எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று கத்தினேன்.

"கவுன்சிலர் வீடுங்கவும் ஸ்பெஷலாப் போட்டிருக்காகன்னு நெனச்சேன்க்கா" என்றார் அவர்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நானும் சிரித்துவிட்டேன். தெருவே வந்து வேடிக்கை பார்த்துச் சிரித்தது. சிரித்து முடித்த பிறகு இன்ஜினியர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், இங்க போட்டாத் தண்ணி ஓடாது. வளைவுல, அந்தம்மா வாசல்லதான் போடணும்."

அத்தை அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். முந்தானையை இழுத்துச் செருகினார். "என் வாசல்ல ஊரு அழுக்குக்கு மூடியா? மகாலட்சுமி வர்ற எடத்துல? எவன் கடப்பாரையைத் தூக்குறான்னு பாக்குறேன்" என்றார். அத்தையின் குரல் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். மெஷின்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டார். கான்ட்ராக்டர் போனில் அடுத்த வார்டுக்காரரிடம் பேச ஆரம்பித்ததை என் காதாலேயே கேட்டேன்.

அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். முதலில் சட்டம் பேசினேன், அத்தை பிடி கொடுக்கவில்லை. பிறகு கத்தினேன், அவர் என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். கடைசியில் கெஞ்சினேன். "உங்க தம்பி மகளை அவுக மாமியா அனுப்ப மாட்டேங்கிறாக அத்தை. அந்தத் தண்ணிதான் காரணம். மூடி வரலேன்னா அந்தப் பிள்ளை தாய்வீட்டுக்கு வராது" என்றேன்.

 அத்தைக்கு அது தெரியவே தெரியாது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுச் சங்கதியை யார் போய் அவரிடம் சொல்வது? தண்ணீர் வருகிறது என்று தெரியும், அதனால் பெண்ணே வர முடியாது என்று தெரியாது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, தோண்டிக்கிறட்டும். ஆனா ஒண்ணு. பெறக்குற பிள்ளைக்குச் சேனை நான்தான் வைப்பேன். தம்பி பொண்டாட்டி சம்மதிக்கணும்" என்றார்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அதனால் ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். அமைதியானவர், படித்தவர், நாலு பேருக்கு நல்லது செய்தவர் என்று தேடுவார்கள். அத்தை அந்தப் பட்டியலில் எந்தப் பக்கமும் வர மாட்டார்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அந்த வாயா? என் பேரப்பிள்ளைக்கா?" என்று எகிறினாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைத் தரையில் போட்டாள்.  சிதறிய அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "என் மகளுக்கும் அந்த மகராசிதான் வச்சுச்சு. அது ஒண்ணும் கெட்டுப் போயிரல. வச்சுட்டுப் போகட்டும்னு சொல்லு" என்றாள். ஆனால் நேரில் போய்ப் பேச மாட்டேன் என்றுவிட்டாள். நானே இரண்டு வீட்டுக்கும் நடந்தேன்.

மறுநாளே வளைவில் தோண்டினார்கள். குழாய் இறங்கியது, வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தது. தெருவையும் ரோடு ஏறுவதற்கு முன்பிருந்த மட்டத்துக்குத் தாழ்த்திப் போட வைத்தேன், அதற்கு ஒரு தனிச் சண்டை. மூடி வைத்த அன்று அத்தை அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சுற்றிலும் எட்டிதழ்க் கோலம் போட்டார். இன்ஜினியர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

சோழவந்தான் மாமியார் வந்து நடுக்கூடத்தில் காலை வைத்து நடந்து பார்த்தார். "இப்ப என்ன சம்பந்தி, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார். தை கடைசியில் வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலோடு அந்தப் பெண் ஆட்டோவை விட்டு இறங்கியபோது அக்கா ஓடி வந்த ஓட்டத்தை நான் மறக்கவே மாட்டேன்.

பங்குனியில் மதுரை ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. அத்தை குளித்து, புதுச் சேலை கட்டி, வெள்ளிக் கிண்ணத்தில் சீனித் தண்ணீரோடு வந்து நின்றார். வார்டு சிஸ்டர் பார்த்துவிட்டார். "சீனித்தண்ணி, தேனு, எதுவும் கூடாதும்மா. தாய்ப்பால் மட்டும்தான்" என்று கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.  அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். தொல்லை விட்டது என்று நினைப்பாள் என்றுதான் எண்ணினேன். அவள் சிஸ்டரிடம் போனாள்.

"தாய்ப்பால் குடுக்கலாம்ல சிஸ்டர்?"

"அதைத்தானம்மா குடுக்கச் சொல்றேன்."

"அதுலயே ஒரு சொட்டு, விரல்ல தொட்டு வைக்கலாம்ல?"

சிஸ்டர் அத்தையின் கையைப் பார்த்தார். "சோப்புப் போட்டுக் கை நல்லாக் கழுவணும்" என்றார்.

அக்கா திரும்பினாள். இத்தனை வருடமாக முகம் பார்க்காத நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க மதினி, கை கழுவுங்க" என்றாள்.  அக்காவே குழாயைத் திறந்துவிட்டு, சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"என் குணம் வந்துரும்டி. நல்லா யோசிச்சுக்க" என்றார் அத்தை.

"வரட்டும் மதினி. நீங்க எடம் குடுக்கலேன்னா என் மக என் வீட்டுல இருந்து பிள்ளை பெத்திருக்க மாட்டா."

அந்தப் பெண் ஒரு சொட்டுப் பாலை அத்தையின் விரலில் விட்டாள். அத்தை குனிந்து குழந்தையின் நாக்கில் வைத்தார். பெரியவர்கள் நாலு பேரும் அழுதோம், குழந்தை மட்டும் நிம்மதியாகச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது.