இராயப்பன் மைக் பிடித்த மேட்ச்

இராயப்பன் அண்ணன் தொண்டையைச் செருமினால் பதுளையில் பாதிப் பேர் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். காரணம் இருக்கிறது. ஓட்டோவின் கூரையில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு சாவு அறிவிப்பவர் அவர். டவுனிலிருந்து பசறை, நமுனுகுல வரைக்கும் யார் போய்ச் சேர்ந்தாலும், தமிழிலும் சிங்களத்திலும் ஊருக்குச் சொல்வது அவர்தான். அந்த ஓட்டோ நிற்பது என் கடைக்கு முன்னால். நான் ஜௌபர். போட்டோகொப்பி அடிக்கிறேன், மரண அறிவித்தல் நோட்டீஸும் அச்சடிக்கிறேன். ஆக, ஒருவர் கண்ணை மூடினால் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. டொக்டருக்கு இல்லாத வெட்கம் எனக்கு எதற்கு?

அவருக்கு வெண்கலக் குரல். ஆண்டவர் கொடுத்தது என்று அவர் சொல்வார். கொடுத்தவர் கொஞ்சம் யோசித்துக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. தேத்தண்ணிக் கடையில் அவர் ஒரு பிளேன்டீ கேட்டால் பக்கத்து மேசைக்காரர் கடித்த பனிஸை விழுங்காமல் அப்படியே பார்ப்பார். கலியாண வீடுகளில் அவருக்குப் பத்திரிகை தவறாமல் வரும். ஆனால் மைக்குக்கு எட்டாத மூலையில்தான் நாற்காலி போடுவார்கள். மாதா கோயில் திருவிழாவில் சுரூபம் தூக்கத் தோள் கொடுக்கலாம், வாசகம் வாசிக்க மட்டும் கூப்பிடமாட்டார்கள். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்காமல் சொல்வது ஒன்றுதான், அது அவருடைய தங்கை சங்கதி.

தங்கை பிரான்சிஸ்கா அப்புத்தளையில் இருக்கிறார். அண்ணன் போன் எடுத்துக் கூப்பிட்டால் அந்தம்மா ஹலோ சொல்வதில்லை. "யாரு போயிட்டாங்கண்ணே?" என்பதுதான் முதல் வார்த்தை. இராயப்பனுக்கு மகள் டிலானி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தங்கைக்கு எடுத்திருக்கிறார். அவர் வாயைத் திறந்ததும் தங்கை ஒப்பாரி வைக்க, அக்கம்பக்கம் ஓடி வர, அழுகையை நிறுத்துவதற்குள் போனில் காசு தீர்ந்துவிட்டது. டிலானி பரீட்சையில் நன்றாகப் பாஸ் பண்ணியபோதும் அதே கதைதான். நல்ல செய்தி எதுவும் அவர் வாய்வழியாகத் தங்கைக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை. வேறு யாராவது பிறகு எடுத்துச் சொல்லுவார்கள்.

என்னை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் என்கிற மாதிரி. ஒருநாள் கடைப் படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். "ஒரே ஒரு தடவ என் கொரலக் கேட்டு சனம் சந்தோசப்படணும் நானா. அத நானே தங்கச்சிக்கு போன் போட்டுச் சொல்லணும். அப்புறம் தொண்ட போனாலும் பரவால்ல."

நடக்கிற காரியமா என்று நான் நினைத்தேன். நினைத்ததை வெளியே சொல்லாமல் இருக்கிற பழக்கமும் எனக்கு உண்டு, அபூர்வமாக.

அப்போதுதான் யசோதினி மிஸ் வந்து சேர்ந்தார். எங்கள் ரோட்டு மேட்டிலிருக்கும் கல்லூரிக்குக் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த விளையாட்டுப் பயிற்றுநர். பெண்கள் கூடைப்பந்து அணி அவர் பொறுப்பு. அணி என்னமோ நல்ல அணி. பார்க்கத்தான் ஆளில்லை. மேட்ச் நாளில் திடலைச் சுற்றி வாச்சர் ஒருவர், நாய் ஒன்று, வந்த அணியின் பஸ் டிரைவர். அந்த டிரைவரும் தூங்கிக்கொண்டிருப்பார். மிஸ் என்னென்னவோ செய்து பார்த்தார். பாட்டுப் போட்டார், சுற்றியிருந்த வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு மாணவனுக்குச் சிறுத்தை வேஷம் போட்டு விட்டார், தெருநாய்கள் அந்தச் சிறுத்தையை பஸ் ஸ்டாண்ட் வரை துரத்திவிட்டு வந்தன. அதிபர் புவனேந்திரன் நல்ல மனிதர், ஆனால் கை இறுக்கம். ஆளே வராத திடலை வாகனம் நிறுத்துகிற இடமாக மாற்றிவிடலாம் என்று அவர் பேச ஆரம்பித்திருந்தார்.

மிஸ் என் கடைக்குப் போஸ்டர் அடிக்க வந்த நேரம், வெளியே இராயப்பன் ஒரு பஸ்காரனை வழி விடச் சொல்லி அதட்டினார். மிஸ் அப்படியே திரும்பிப் பார்த்தார். இந்தக் குரல்தான் வேண்டும், இவர் மேட்சுக்கு மைக் பிடிப்பாரா என்று கேட்டார். ஊருக்குப் புதியவர், பாவம். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்ற இராயப்பன் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாமென்று தலையை ஆட்டினார். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு எவன் பேசுவான்? நன்றாகப் பிடிப்பார் மிஸ் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு மேட்ச், பண்டாரவளை அணியோடு. சனிக்கிழமை ஓட்டோவில் ஊர் ஊராகப் போய் அறிவிக்க வேண்டும். குதூகலமாக ஒரு வசனம் நான் எழுதிக் கொடுத்தேன். சாவுக்குக் கட்டும் வெள்ளைக் கொடியைக் கழற்றிவிட்டு அவர் சிவப்பும் பச்சையுமாக டிஷ்யூ பேப்பர்க் கொடிகள் கட்டினார். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். பசறையைத் தாண்டியதும் மழை பிடித்தது. விட்டபோது பேப்பரிலிருந்த சாயமெல்லாம் ஓட்டோவின் கதவில் இறங்கியிருந்தது. கொடிகள் வெளுத்துப் போய், பழையபடி சாவு வண்டியாகத்தான் நாங்கள் நமுனுகுல ஏறினோம்.

அது போதாதென்று மைக். நான் எழுதியது "வாருங்கள், வந்து மகிழுங்கள்" என்று தொடங்கும். வண்டி உருண்டு மைக் வாய்க்கு வந்ததும் இருபது வருஷப் பழக்கம் அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. இழுத்து, நிறுத்தி, ஆழமாக வந்தது: "பதுளை... கல்லூரி அதிபர்... உயர்திரு புவனேந்திரன் அவர்கள்..."

அவரது தலைமையில் கூடைப்பந்துப் போட்டி நடைபெறும் என்று இராயப்பன் முழுசாகத்தான் சொன்னார், ஒரு சொல் விடவில்லை. ஆனால் அந்தக் குரலில் ஒரு பெயரைக் கேட்ட பிறகு எங்கள் சனம் மிச்சத்துக்குக் காது கொடுக்குமா? பெயரைக் கேட்டவுடன் அழ ஆரம்பித்தால், பிறகு எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதை மட்டும்தான் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்வார்கள். நாளைக்கு மூணு மணி, கல்லூரித் திடல். தோட்டத்துக் குடியிருப்புகளில் லயத்துக்கு லயம் ஆட்கள் வெளியே வந்தார்கள். பெண்கள் வாயில் கை வைத்தார்கள். இது சரியில்லை என்று நான் பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டினேன். சந்தோசத்தில் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள் என்றார் அவர். சந்தோஷம் அவருடைய கண்ணைத்தான் பொத்தியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக்கே வேன்கள் வர ஆரம்பித்தன. பிறகு ஒரு லொறி. பிறகு நடையில் வந்த கூட்டம். எல்லோரும் வெள்ளை உடுப்பு. நமுனுகுலவிலிருந்து கணபதி தன் தப்பு மேளக் கோஷ்டியோடும், ஒரு பை நிறைய வெடியோடும் வந்து இறங்கினார். பழைய மாணவர்கள் மலர்வளையம் கொண்டுவந்திருந்தார்கள். திடலைச் சுற்றிக் கால் வைக்க இடமில்லை. யசோதினி மிஸ்ஸுக்கு வாயெல்லாம் பல். எல்லோரும் பேசி வைத்த மாதிரி ஒரே நிறத்தில் வந்திருக்கிறார்களே என்று என்னிடம் வந்து பூரித்தார். நான் போஸ்டர் கட்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு, புது டை கட்டிக்கொண்டு, அதிபர் புவனேந்திரன் படியிறங்கி வந்தார்.

முன்வரிசையில் நின்ற ஒரு பாட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தப்புக் கோஷ்டி இரண்டு எட்டு பின்வாங்கியது. கணபதிதான் தைரியமாக ஐயாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. விஷயம் வாய்க்கு வாய் பரவி அதிபர் காதுக்குப் போக இரண்டு நிமிஷம் எடுத்திருக்கும். அவர் மலர்வளையத்தை வாங்கி அதிலிருந்த தன் பெயரை நிதானமாக வாசித்தார். பிறகு கூட்டத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். சாகாமலேயே தன் சாவுக் கூட்டத்தைப் பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

"எனக்கா இவ்வளவு சனம்?" என்றார்.

அந்த வளையத்தைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்துக்கொண்டு, வந்தவர்கள் வந்துவிட்டார்கள், சாவு வீட்டு முறைக்கு எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். அந்த இறுக்கமான கையிலிருந்து தேத்தண்ணி வந்ததுதான் அன்றைய முதல் அதிசயம். தேத்தண்ணி குடித்தவர்கள் எழுந்து போவது மரியாதையில்லை என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆனால் இராயப்பனைக் காணவில்லை. நாலு பேர் ஏசியிருக்கிறார்கள். மைக்கை மேசையில் வைத்துவிட்டு ஓட்டோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மேட்ச் தொடங்கியது. அத்தனை பேரும் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம், எதற்குக் கைதட்டுவது, ஒன்றும் தெரியாது. பந்து கூடையில் விழுந்தாலும் பெருமூச்சு, விழாவிட்டாலும் பெருமூச்சு. எங்கள் பிள்ளைகள் மிரண்டு போய்ப் பந்தைக் கைநழுவ விட்டார்கள். இடைவேளைக்குள் பண்டாரவளை நன்றாக முந்திவிட்டது.

நான் ஓட்டோவுக்குப் போனேன். ஹேண்டிலில் தலையை வைத்திருந்தார். "நான் வாயத் தொறந்தா உசுரோட இருக்கிறவனுக்கும் பாட கட்டுறாங்க நானா. என்னய விட்டுருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மனிதன் இருபது வருஷம் ஆசைப்பட்டது இருபது அடி தூரத்தில் கிடக்கும்போது, இவர் ஹேண்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தால் வராதா? "அந்தப் புள்ளைக யாரு பெத்த புள்ளைகன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல்ல" என்றேன். "அதச் சொல்ல ஒங்கள விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா? எழும்புங்க."

எழும்பினார். என் கோபத்துக்குப் பயந்தா, சொன்னதில் நியாயம் இருந்ததாலா என்று இன்றைக்கும் தெரியாது.

இரண்டாம் பாதியில் அணித்தலைவி மதுஷா முதல் கூடையைப் போட்டாள். மைக் கரகரத்தது. இராயப்பனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறைதானே, அந்த முறையிலேயே வந்தது: "நமுனுகுலவைப் பிறப்பிடமாகவும்... பதுளையை வசிப்பிடமாகவும் கொண்ட... வேலாயியின் அன்பு மகள்... மதுஷா அவர்கள்..." பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். கணபதியின் கை தானாகத் தப்புக்குப் போனது. இராயப்பன் ஒரு மூச்சு இழுத்தார். "ரெண்டு புள்ளி எடுத்துட்டாங்க!"

கடைசிச் சொல்லில் அந்த வெண்கலக் குரல் உடைந்து சிரித்தது. அவர் மைக்கில் சிரித்து ஊர் கேட்டது அன்றைக்குத்தான். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கணபதி ஓங்கி அடித்தார். வேலாயி எங்க லயம், மதுஷா எங்க புள்ள என்று லொறியில் வந்த கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கியது. சாவுக்குக் கொண்டுவந்த வெடி திடலோரத்தில் வெடித்தது. நடுவர் மேட்சை நிறுத்தி, வெடி மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூடைக்கும் அதே முறை. பிறப்பிடம், வசிப்பிடம், தாய் தகப்பன் பெயர், ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்காகவே சனம் காத்திருந்து வெடித்தது. பண்டாரவளைப் பிள்ளைகளுக்கும் அவர் குறை வைக்கவில்லை. மரணத்தில் கட்சி பார்க்காதவர் கூடைப்பந்தில் பார்ப்பாரா? பெயரைக் கேட்டுக் கேட்டு எங்கள் பிள்ளைகளுக்கு உசார் ஏறி, கடைசியில் ஒரே ஒரு கூடையால் வென்றோம். திடலை வாகனத்துக்கு விடுவதைப் பற்றி அதிபர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

கூட்டம் அடங்குவதற்குள் இராயப்பன் தங்கைக்கு போன் எடுத்தார். பின்னால் தப்புச் சத்தம் வேறு. பிரான்சிஸ்கா எப்போதையும்விடப் பெரிதாக ஒப்பாரி வைத்திருக்கிறார். இவர் போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, கூட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஜெயிச்சிட்டோம் என்று அத்தனை பேரும் கத்தினார்கள். அழுகை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, ஸ்பீக்கரில் ஊரே கேட்க, ஒரு சின்னக் குரல் வந்தது. "யாருண்ணே ஜெயிச்சது?"

இராயப்பன் அண்ணன் அன்றைக்கு அழுதார். நானும்தான், ஆனால் எனக்கு அந்த வெடிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பருவம் முழுக்க மேட்ச் முடிந்ததும் அவர் போன் எடுப்பார். தங்கையும் அழுகையை விட்டுவிட்டு, எடுத்தவுடனே யாரு ஜெயிச்சது என்று கேட்கப் பழகிக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மார்கழியில் மொனராகலையிலிருந்த அவர்களுடைய சித்தப்பா காலமானார். செய்தி காலையில் இராயப்பனுக்கு வந்தது. என் கடைப் படியில் உட்கார்ந்து தங்கைக்கு எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு உற்சாகம். "அண்ணே, இன்னைக்கு யாரு ஜெயிச்சது?"

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நாமதான் தங்கச்சி" என்றார். "நாமதான் ஜெயிச்சோம்."

போனை வைத்துவிட்டார். அன்றைக்கு மேட்சே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார், யசோதினி மிஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த அதே பார்வை. நான் வாய் நிறைய ஏசிவிட்டு, அப்புத்தளைக்கு என் போனிலிருந்து எடுத்துச் செய்தியைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த நத்தார் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லலாமே என்று பிரான்சிஸ்காவுக்கு எடுத்தேன். நான் ஹலோ சொல்வதற்குள் அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.