தடைக்குக் காரணம்

தணிக்கை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தட்டச்சு செய்துவந்த அந்தப் பெண்மணிக்குக் 'கத்தரி அக்கா' என்று பட்டப்பெயர். ஒரு படத்தையும் அவர் வெட்டியதில்லை. வெட்டச் சொல்லும் உத்தரவை அடித்துக் கொடுப்பதோடு சரி. நாட்டின் தலைவரைப் பற்றி முணுமுணுத்தவர்களெல்லாம் காணாமல்போன காலம் அது. தான் உண்டு, தன் வேலை உண்டு என்று அக்கா வாயை மூடிக்கொண்டு காலம் தள்ளினார்.

ஒருநாள் வெளிநாட்டுப் பழைய நகைச்சுவைப் படமொன்று சான்றிதழுக்கு வந்தது. அதில் ஒரு சர்வாதிகாரி. ஊர்வலத்தைக் கெடுத்ததற்காக மழையைக் கைது செய்யச் சொல்கிறான். மார்பில் குத்திய பதக்கங்களின் பாரம் தாங்காமல் மேடையிலிருந்து குப்புற விழுகிறான். படம் பார்க்க வந்த தணிக்கைக் குழுவின் ஐந்து அதிகாரிகளும் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பெடுக்கப் பின்வரிசையில் இருந்த அக்காவோ உதட்டைக் கடித்துக்கொண்டு தவித்தார்.

விளக்கு எரிந்ததும் மேலதிகாரி சொன்னார்: "தடை! உடனே அடிச்சுக் கொண்டாங்கம்மா."

படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. அதை நிரப்பாவிட்டால் தடை செல்லாது.

"என்ன காரணம்னு போடணும், சார்?" வழக்கமாகக் கேட்பதுதான்.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? தலைவரைக் கேலி பண்றாங்க."

"எந்தத் தலைவரை, சார்?" இந்தக் கேள்வி எங்கிருந்து வந்ததென்று அக்காவுக்கே தெரியவில்லை.

"நம்ம தலைவரைத்தான்!"

"சரிங்க சார். 'படத்தில் வரும் முட்டாள் அச்சு அசல் நம் தலைவரைப் போலவே இருக்கிறான்.' இப்படிப் போட்டுடட்டுமா? கீழே உங்க கையெழுத்து."

மேலதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. படிவத்தைத் துணை அதிகாரி பக்கம் தள்ளினார்.

"எனக்கு அப்படி ஒண்ணும் தோணலையே, சார்! நம்ம தலைவர் எங்கே, அந்தக் கோமாளி எங்கே?" என்று அவர் பதறி அடுத்தவரிடம் தள்ளினார். ஐந்து பேரையும் காகிதம் சுற்றி வந்தது. ஒருவர் கண்ணிலும் ஒற்றுமை தென்படவில்லை. கடைசியில், 'குடும்பத்துடன் காணத் தகுந்தது' என்று அடிக்கச் சொன்னார்கள். அக்கா ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தார்.

முதல் நாளே நாத்தனாரை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார். அரங்கு நிறைந்திருந்தும் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை; ஒவ்வொருவரும் பக்கத்து இருக்கையையே ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மழைக்கு விலங்கு மாட்டக் காவலர்கள் ஓடிய காட்சியில் அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

"அண்ணி, மெதுவா!"

"எதுக்கு மெதுவா? அரசாங்கமே பார்க்கச் சொல்லியிருக்கு!"

முன்வரிசையில் ஒருவர் களுக்கென்றார். அவ்வளவுதான், அரங்கமே அதிர்ந்தது.

படம் நூறு நாள் ஓடியது. நடுவில் மேலிடத்துக்கு உறைத்தது. ஆனால் நிறுத்த வேண்டுமானால் யாராவது காரணம் எழுத வேண்டுமே! அதற்குள் தெருவில் தலைவரின் பேச்சு ஒலிபெருக்கியில் வந்தாலே ஜனங்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் திணற ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துத் தலைவர் நாட்டைவிட்டே ஓடினார்.

அக்கா ஓய்வுபெற்ற அன்று புது மேலதிகாரி கேட்டார்: "அன்னைக்குப் பயமா இல்லையாக்கா?"

"இல்லாம இருக்குமா, தம்பி? ஆனா அந்த அஞ்சு பேர் மூஞ்சியையும் பார்த்தேனா, பயமெல்லாம் பறந்தே போச்சு!"